குரங்கின் சிறுநீரகமும் போலியோ தடுப்பூசியும்

பெயர் ஒற்றுமை காரணமாகப் போலியோவையும் பாலியோமாவையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. இரண்டும் வெவ்வேறு வைரஸ் குடும்பங்களைச் சேர்ந்தவை. பாலியோமா என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் 'பல கட்டிகள்' என்று பொருள். 1950களில் அமெரிக்காவில் லுட்விக் கிராஸ், சாரா ஸ்டூவர்ட், பெர்னீஸ் எட்டி ஆகியோரின் ஆய்வுகளால் அறியப்பட்ட ஒரு வைரஸ், சுண்டெலிகளின் பல உறுப்புகளில் கட்டிகளைத் தோற்றுவித்ததால் இப்பெயர் பெற்றது. ஆயினும், ஒரு காலத்தில் போலியோவும் பாலியோமாவும் ஒரே மருந்துக் குப்பிக்குள் சேர்ந்திருந்தன. அந்நிகழ்ச்சியில் இந்தியக் காடுகளில் பிடிக்கப்பட்ட குரங்குகளுக்கும் தொடர்பு உண்டு.

இக்குடும்பத்து வைரஸ்களின் தனி இயல்பு ஒன்றை முதலில் மனங்கொள்ள வேண்டும். தமக்கு உரிய உயிரினத்தில், அதன் எதிர்ப்பு ஆற்றல் குறையாதிருக்கும் வரையில், இவை பெரும்பாலும் தீங்கு செய்யாமல் வாழ்நாள் முழுதும் அடங்கிக் கிடக்கும். வேறோர் உயிரினத்துக்குள் புகுந்தாலோ, எதிர்ப்பு ஆற்றல் குன்றினாலோ தொல்லை தொடங்கக்கூடும். இதற்கு விலக்கும் உண்டு. காதல் பறவை எனச் சந்தையில் விற்கப்படும் பட்ஜெரிகர் கிளியின் குஞ்சுகளை ஒருவகைப் பாலியோமா வைரஸ் கூட்டிலேயே கொன்றுவிடுகிறது.

ஜோனாஸ் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசிக்கு 1955 ஏப்ரலில் அமெரிக்காவில் உரிமம் வழங்கப்பட்டது. போலியோ வைரஸை வளர்ப்பதற்குக் குரங்கின் சிறுநீரகச் செல்கள் தேவைப்பட்டன. இதற்குப் பெரிதும் பயன்பட்டது இந்தியாவின் ரீசஸ் குரங்காகும். ஐம்பதுகளின் இறுதியில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் இங்கிருந்து ஏற்றுமதியாயின. இவற்றுள் பலவற்றின் சிறுநீரகங்களில் ஒரு பாலியோமா வைரஸ் குடியிருந்தது. போலியோ வைரஸைச் செயலிழக்கச் செய்த ஃபார்மலின், இவ்வைரஸை முற்றிலும் அழிக்கவில்லை.

அன்றைய சோதனை முறையில் இது தென்படாமற் போனது ஏன் என்பது நிர்வாகத் துறையினர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ரீசஸ் குரங்கின் செல்களில் வளர்ந்த மருந்தை அதே குரங்கின் செல்களிலேயே சோதித்தனர். தன் சொந்த இல்லத்தில் இவ்வைரஸ் எவ்விதத் தடயமும் காட்டுவதில்லை. 1960இல் பென் ஸ்வீட், மாரிஸ் ஹில்லமன் ஆகிய இருவரும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் செல்களைப் பயன்படுத்தியபோது, அவற்றுள் குமிழிகள் தோன்றி வைரஸின் இருப்பு வெளிப்பட்டது. குரங்கு வைரஸ் வரிசையில் நாற்பதாவதாகச் சேர்க்கப்பட்டமையால் அது எஸ்.வி.40 எனப் பெயர் பெற்றது. இதற்குச் சற்று முன்னரே பெர்னீஸ் எட்டி, ரீசஸ் சிறுநீரகச் செல்களின் சாறு ஹாம்ஸ்டர் குட்டிகளில் கட்டிகளை உண்டாக்குவதைக் கண்டிருந்தார். அவருடைய மேலதிகாரிகள் அதற்கு உரிய மதிப்பளிக்கவில்லை. கண்காணிக்கும் அமைப்பு ஒன்றிருந்தும் எச்சரிக்கை செவியேறாத நிலை பிற துறைகளிலும் காணப்படுவதே.

1961இல் புதிய தடுப்பூசித் தொகுதிகளில் இவ்வைரஸ் இருத்தலாகாது என அமெரிக்க அரசு விதித்தது. எனினும் ஏற்கெனவே தயாரான தொகுதிகள் 1963 வரை புழக்கத்தில் இருந்தன. 1955 முதல் 1963 வரை அந்நாட்டில் சுமார் 9 கோடியே 80 லட்சம் பேர் போலியோ தடுப்பூசி பெற்றனர். அவர்களுள் 1 கோடி முதல் 3 கோடிப் பேர் வரை இவ்வைரஸுக்கு ஆளாகியிருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர்களிடையே புற்றுநோய் மிகுந்ததாகப் பல்லாண்டுக் கால மக்கள்தொகை ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் யார் மாசுற்ற ஊசியைப் பெற்றனர் என்பதற்குச் சரியான பதிவு இல்லாமையால், தொடர்பு உண்டென்றோ இல்லையென்றோ முடிவு கூறச் சான்று போதாது என்று அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு 2002இல் அறிவித்தது. தொகுதி எண்ணைப் பதிவேட்டில் குறிக்கும் எளிய பணியின் மதிப்பு இங்கே விளங்கும்.

இதனைக் கொண்டு தடுப்பூசியையே குறைகூறுவது பொருந்தாது. ஊனத்தையும் மரணத்தையும் விளைவித்த போலியோ இந்தியாவில் 2011 ஜனவரிக்குப் பின் இயற்கை வைரஸால் எவரையும் தாக்கவில்லை. குரங்கு ஏற்றுமதியோ, போர்த்துறை சார்ந்த கதிரியக்கச் சோதனைகளுக்கு அவை பயன்படுத்தப்பட்ட செய்தி வெளியானதைத் தொடர்ந்து, 1978 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டது.

மனிதருக்கே உரிய பாலியோமா வைரஸ்களுள் பி.கே., ஜே.சி. என்னும் இரண்டும் 1971இல் கண்டறியப்பட்டன. நோயாளிகளின் பெயர் முதலெழுத்துகளே அவற்றின் பெயர்கள். பெரும்பாலானோருக்கு இளமையிலேயே இவை தொற்றிவிடுகின்றன. எய்ட்ஸ் முதலியவற்றால் எதிர்ப்பு ஆற்றல் குன்றியோரின் மூளையை ஜே.சி. வைரஸ் தாக்கக்கூடும். அரிய தோல் புற்றுநோய் ஒன்றுடன் தொடர்புடைய மெர்கல் செல் வைரஸ் 2008இல் அறியப்பட்டது.

இந்திய நிலையில் மிகுந்த கவனத்துக்குரியது பி.கே. வைரஸ். இங்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் பெரும்பகுதி, உயிருடனிருக்கும் உறவினர் தரும் உறுப்பைக் கொண்டே நடைபெறுகிறது. மாற்று உறுப்பை உடல் ஒதுக்காதிருக்க அளிக்கப்படும் மருந்துகள் எதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கின்றன. உறங்கிய வைரஸ் அவ்வேளையில் விழித்துப் புதிய சிறுநீரகத்தைச் சிதைக்கக்கூடும். இதற்கென உறுதியான தனி மருந்து எதுவும் இல்லை. இரத்தத்தில் வைரஸின் அளவை அடிக்கடி சோதித்து, உரிய நேரத்தில் அம்மருந்துகளைக் குறைப்பதே வழி. நிலத்தை விற்று அறுவைச் சிகிச்சையை முடித்த குடும்பம் மாதந்தோறும் பி.சி.ஆர். சோதனைக்குச் செலவிடத் தயங்கும். சோதனை தவறினால் தாய் தந்த சிறுநீரகம் பயனற்றுப் போகலாம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட் நோய்க்காக மாவட்டங்கள்தோறும் நிறுவப்பட்ட பி.சி.ஆர். கருவிகளை இப்பணிக்கும் ஈடுபடுத்துவதற்கு, உரிய சோதனைப் பொருள்களும் பயிற்சியும் வழங்கப்பட வேண்டும்.