நாயினமும் நடுவர் நோக்கும்

நாய்க் கண்காட்சியில் நடுவர் தம் கண்ணுக்கு அழகிய நாயையே தெரிகின்றார் என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஒவ்வோர் இனத்துக்கும் எழுதிவைத்த இலக்கணம் ஒன்றுண்டு. அதற்கு மிக நெருங்கி நிற்பதே முதற்பரிசு பெறும்.

நடுவர் முதலில் நாய் நிற்கும் நிலையை நோக்குவார். பின்பு பல், தலை, தோள், முதுகு, மயிர் என்பவற்றைத் தொட்டு ஆராய்வார். ஈற்றில் அதனை நடத்திப் பார்ப்பார். நிற்கையில் மறைந்திருக்குங் குறை நடையில் வெளிப்படும்.

ஆயின், இலக்கணமே பிழைபடுமாயின் யாது செய்வது? இங்கிலாந்தில் 1891 இல் தொடங்கிய கிரவ்ற்ஸ் கண்காட்சி இதற்குச் சான்றாகும். புல்டோக், பீக்கினீஸ் ஆகிய இனங்களில் தட்டை முகமே சிறப்பெனப் போற்றப்பட்டமையால், அவற்றுட் பல மூச்சுவிட இடருற்றன. இலக்கணம் வகுக்கும் கெனல் கழகத்தார் 2009 இல் அவற்றைத் திருத்தினர். 2012 இல், தத்தம் இனத்திற் சிறந்தனவென நடுவர் தெரிந்த நாய்களுள் ஆறு, மிருக வைத்தியர் சோதனையில் தேறாது பட்டம் இழந்தன.

அளப்போர் தம் அளவுகோலையும் இடையிடையே அளந்து பார்த்தல் வேண்டும். மாணவர்க்குப் புள்ளியிடும் நாமும் இதனை மறவாதிருப்போமாக.