ஆசிரியர்களின் இடுப்புவலி

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிப் பள்ளிகளுக்கு மதுரையிலிருந்து நாள்தோறும் பேருந்திலோ இருசக்கர வாகனத்திலோ சென்று வரும் ஆசிரியர்கள் பலர். காலை வணக்கக் கூட்டத்திற்கு முன்பே அவர்களது முதுகு நெடுந்தொலைவு குலுங்கி வந்திருக்கும். பின்னர் பாடவேளைதோறும் நிற்றல். மாலையில் தலை கவிழ்ந்து நோட்டுத் திருத்துதல். தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு மற்றொன்றும் உண்டு. 2007-இல் மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றல் பரவியபோது, அவர்கள் நாற்காலியை விட்டுக் குழந்தைகளோடு பாயில் அமர்ந்தனர். குழந்தைக்கு அது நன்மையே. ஆயினும் ஐம்பதைக் கடந்த உடலுக்கு, தரையிலிருந்து பலமுறை எழுவது எளிதன்று.

நின்றால் வலி, அமர்ந்தால் குணம் என்பது முழு உண்மையன்று. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதே தசைகளைச் சோர்வடையச் செய்கிறது. ஆகவே நிற்பவர் ஒரு காலைத் தாழ்ந்த படியின்மீது மாற்றி மாற்றி வைக்கலாம்; திருத்துபவர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடக்கலாம். நோட்டுக்கட்டைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்குதல் நன்று. முப்பது நோட்டுகளை ஒரே கட்டாகச் சுமந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை.

இனி, குடும்பத்தினர்க்கு. வலி வந்தவுடன் “அசையாமல் படுத்திரு” என்று அன்பினால் சொல்கிறோம். ஓரிரு நாளுக்கு மேற்பட்ட படுக்கை ஓய்வு குணமடைதலைத் தாமதப்படுத்தும். புதிதாய் வந்த இடுப்புவலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தணிகிறது. அதுவரை தாங்குமளவு நடமாடுவதே மருந்து. வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, நாட்பட்ட இடுப்புவலிக்கு இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை; உடற்பயிற்சியையும் நோய் பற்றிய விளக்கத்தையுமே முன்வைக்கிறது. ஸ்கேனில் “ஜவ்வு விலகல்” எனக் கண்டு கலங்க வேண்டா. வலியே இல்லாத பலரிடமும் அது காணப்படுகிறது.

மருந்துக்கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்ளும் வழக்கம்தான் எமக்குக் கவலை தருகிறது. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் அதனால் வரலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்க்கு இடர் மிகுதி.

காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, இரவில் உறக்கம் கெடுக்கும் வலி ஆகியன இருந்தால் முதுகெலும்புக் காசநோய் போன்றவற்றையும் ஆராய வேண்டும். மருத்துவரைக் காணத் தாமதிக்காதீர்கள். சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது அடக்க இயலாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சூழ்ந்த பகுதியில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே, நள்ளிரவாயினும், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். நரம்பின்மீது விழும் அழுத்தம் நீடித்தால் இழந்த வலு திரும்பாமலே போகலாம். விடைத்தாள் திருத்தும் பணி முடியட்டும், மே விடுமுறை வரட்டும் என்று அதற்குக் காத்திருக்க இயலாது.