வயிற்றுச் சுவர் மூடாத சிசு

கருவில் வளரும் சிசுவின் குடல் 6ஆம் வாரமளவில் தொப்புள் கொடிக்குள் வெளியேறி, 12ஆம் வாரத்திற்குள் வயிற்றினுள் மீள்வது இயற்கையின் ஒழுங்கு. எனவே அதற்கு முன் எடுத்த ஸ்கானில் குடல் வெளியே தெரிவதை மாத்திரம் கொண்டு குறையென முடிவு செய்யலாகாது. பின்னரும் அவ்வாறிருப்பின், பெரும்பாலும் அது இருவகைக் குறைகளுள் ஒன்றாகும்.

முதலாவது ‘ஓம்பலோசீல்’. தொப்புளின் வழியே குடலும், சிலவேளை ஈரலும் வெளியே வந்து, மெல்லிய சவ்வுப் பையினுள் இருக்கும். இருதயக் குறைகளும் நிறமூர்த்தக் கோளாறுகளும் இதனுடன் சேர்ந்திருப்பதுண்டு. ஆகவே மேலும் பரிசோதனைகள் அவசியம்.

மற்றையது ‘காஸ்ட்ரோஸ்கைசிஸ்’. பெரும்பாலும் தொப்புளின் வலப்புறத் துவாரத்தினூடாகக் குடல் சவ்வின்றி வெளிவந்திருக்கும். இளவயதுத் தாய்மாரின் சிசுக்களிடம் இது கூடுதலாகக் காணப்படும். மற்ற உறுப்புக்கள் பெரும்பாலும் நலமாயிருக்கும். வசதியுள்ள வைத்தியசாலைகளில் இச்சிசுக்களுள் 100க்கு 90க்கு மேற்பட்டவை பிழைக்கின்றன.

முன்னரே அறிந்தால், சிசு சத்திரசிகிச்சை நிபுணருள்ள வைத்தியசாலையில் பிரசவத்தை ஒழுங்கு செய்யலாம். பிறந்தவுடன் வெளியேயுள்ள குடலைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையால் மூடி, சூடும் நீர்த்தன்மையும் குறையாமல் காப்பர். ஒரேமுறையில் உள்ளே வைத்து மூட இயலாவிடின், விசேட பையிலிட்டுச் சில நாட்களில் சிறிது சிறிதாக உள்ளே செலுத்துவர்.

கிரகணத்தில் வெளியே சென்றாள் என்று தாயைப் பழிப்பது பெரும் அநீதி. வாசகர்களே, இத்தகைய செய்தி உங்கள் வீட்டிற்கு வந்தால் மனந்தளராது வைத்தியரிடம் கேளுங்கள்: இது எவ்வகை? வேறு குறையுண்டா? பிரசவம் எங்கே?