உப்புக்காற்றில் ஓடிய லொறி

பேசாலையில் ஒரு வளவுக்குள் பத்துச் சில்லு லொறியொன்று விற்பனைக்கு நின்றது. முன்பக்கத்துக்குப் புது நீல நிறம், செசிக்குக் கறுப்புப் பூச்சு, பம்பரில் தேசிக்காய். வாங்க வந்த தம்பி அக்சிலேற்றரை மிதித்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "சத்தம் நல்லாயிருக்கு அண்ணை" என்றார். கூட வந்த மெக்கானிக் பதில் சொல்லவில்லை. சாக்கை விரித்துக் கீழே படுத்து, சின்னச் சுத்தியலால் செசியைத் தட்டிக்கொண்டே பின்னுக்கு நகர்ந்தார். டங், டங் என்று வந்த சத்தம் பின் வில்லுத்தகடு பிடிக்கும் இடத்தில் 'டப்' என்று மாறியது. பூச்சு உதிர்ந்தது. உள்ளே கருவாட்டுச் செதில் போல அடுக்கடுக்காகத் துரு.

அந்தத் தம்பி கொண்டுவந்திருந்தது தாயின் நகையை அடகு வைத்து எடுத்த காசு. மன்னாரில் பழைய லொறி வாங்குகிறவர்களில் பலருடைய நிலைமை இதுதான். லொறி ஒரு மாதம் நின்றால் அடுப்பும் நிற்கும். அதனால்தான் கராஜிலும் தேத்தண்ணிக் கடையிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

"எஞ்சின் நல்லதென்றால் வாகனம் நல்லது."

எஞ்சினைக் கழற்றித் திருத்தலாம், மாற்றலாம். செசி உக்கினால் லொறியே இல்லை. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை நம்பித்தான் மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் முப்பதையும் நட்டு, 2020 டிசெம்பரில் திறந்தார்கள். அதே காற்றுத்தான் கடல் திவலையைக் கொண்டுவந்து நம் வாகனங்களின் அடிவயிற்றில் பூசுகிறது. போதாததற்கு, லொறியில் ஏற்றுவதும் உப்பு, அல்லது ஐஸ் உருகி உப்புத்தண்ணி சொட்டுகிற மீன்.

"மழை இல்லாத காலத்தில் துரு பிடிக்காது" என்பார்கள். குசினியில் கல்லுப்புச் சாடியைப் பாருங்கள், மழை பெய்யாமலே கசிந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டினால் சாதாரண உப்பே நீர் இழுக்கும். கடலுப்போடு கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைட்டு அதற்கு வெகு முன்னரே இழுத்துவிடும். செசியில் ஒட்டிய உப்பும் அப்படித்தான். வெயிலில் நிற்கிற லொறியும் இரவில் நனைந்துகொண்டே இருக்கிறது.

பாரவண்டிகள் பலவற்றில் செசியின் உள்ளே இன்னொரு தகடு வைத்து இரட்டையாக்கியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உப்புத்தண்ணி இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆகவே தகடுகள் மெல்லப் பிளந்து, றிவெற்றுகள் இழுபடும். இரண்டு தகடுகளுக்கும் இடையில் ஒரு நாணயத்தின் விளிம்பு நுழைந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்துங்கள். மேலே ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்திருந்தால் இன்னும் கவனம். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பு பலம் இழக்கும், பாரத்தோடு பள்ளத்தில் விழுகிற அன்று ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும்.

"பழைய ஒயில் பூசினால் துரு அண்டாது."

கழுவாத செசியில் ஒயில் பூசுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்குச் சமம். உப்பு உள்ளேயே அடைபட்டுத் தன் வேலையைத் தொடரும். ஒயில் மணலைப் பிடித்து வைக்கும், றப்பர் புஷ்களையும் பிறேக் குழாய்களையும் ஊத வைக்கும். செய்ய வேண்டியது எளிது: உப்பு ஏற்றி இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், காய விடுங்கள், பிறகு எதையாவது பூசுங்கள்.

"நம் வெக்கைக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு? கழற்றி எறி."

இதை மிக நல்ல மெக்கானிக்குகளே செய்கிறார்கள் என்பதுதான் என் மனவருத்தம். தெர்மோஸ்டாட் என்பது பெரும்பாலும் 80 பாகைக்கு மேல் திறக்கிற ஒரு சின்னக் கதவு. எஞ்சின் தன் சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாது. பல எஞ்சின்களில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ரேடியேற்றர் வழியைத் திறக்கும்போதே, தண்ணீர் எஞ்சினுக்குள் திரும்பிச் சுற்றுகிற குறுக்கு வழியை அடைக்கும். கழற்றி எறிந்தால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் ரேடியேற்றரைப் பார்க்காமலே சுற்றும். வெற்றாய்ப் போகும்போது எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவி றிங்கைத் தின்னும். மதவாச்சி வீதியில் முழுப் பாரத்தோடு போகும்போது அதே எஞ்சின் கொதிக்கும்.

தண்ணீரின் கதை இதைவிடப் பெரிது. "தண்ணீர் தண்ணீர்தான்" என்று தீவின் உவர்க் கிணற்றில் அள்ளி ஊற்றுகிறோம். தேத்தண்ணிக்கே ஆகாத தண்ணீர் எஞ்சினுக்கு மட்டும் ஆகுமா? சுண்ணாம்பு படிந்து ரேடியேற்றர் குழாய்களை அடைக்கும், உப்பு உலோகத்தை அரிக்கும். பெரிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் லைனரின் வெளிப்பக்கம் நேரே தண்ணீரில்தான் நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிர, அதன்மேல் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடையும். அந்த உடைவு இரும்பைக் கொத்திக் கொத்தித் துளையிடும். குளிரூட்டித் திரவத்தில் கலந்திருக்கிற மருந்து லைனர்மேல் படலம் கட்டி அதைத் தடுக்கிறது, வெறும் தண்ணீர் தடுக்காது. ஒரு நாள் ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். லொறி பார்க்கப் போகும்போது, எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். துருச் சேறா, நிறமுள்ள திரவமா என்பது அந்த எஞ்சினை வளர்த்த ஆளின் குணத்தைச் சொல்லும்.

"கரும்புகை வந்தால் எஞ்சின் முடிந்தது."

அனேகமாக இல்லை. கரும்புகை என்றால் டீசல் கூட, அல்லது காற்றுக் குறைவு. மணல் அடைத்த எயர் பில்டரோ, தேய்ந்த நொசிலோ காரணமாயிருக்கலாம். பில்டர் என்றால் சின்னச் செலவு. பயப்பட வேண்டியது நீலப்புகைக்கு: அது ஒயில் எரிகிறது என்ற செய்தி. சூடான பிறகும் ஓயாத வெள்ளைப்புகை வந்து தண்ணீரும் குறைந்தால் கஸ்கற்றோ ஹெட்டோ போயிருக்கும். விற்கிறவர் நீங்கள் வருமுன் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் இவற்றில் பாதி தெரியாது. ஆகவே போனதும் முதலில் எஞ்சின்மேல் கையை வையுங்கள். சூடாயிருந்தால், நாளைக் காலை வருகிறேன் என்று திரும்பி விடுங்கள்.

"கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் ஒன்றும் ஆகாது."

படகுகளுக்கு வாங்குகிற மண்ணெண்ணெய் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும். 2022 ஓகஸ்டில் அதன் விலை 87 ரூபாயிலிருந்து 340 ஆக ஏறும்வரை டீசலைவிட வெகு மலிவு. டீசல் எரிபொருள் மட்டுமல்ல, பம்புக்கும் நொசிலுக்கும் வழுக்குத் தருவதும் அதுதான். மண்ணெண்ணெயில் அந்த வழுக்குக் குறைவு. லீற்றரில் மிச்சம் பிடித்ததைப் பம்ப் ஒரே நாளில் திரும்பக் கேட்கும்.

"மலிவாய் வாங்கி, மெல்ல மெல்லச் செய்யலாம்."

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 வரை முழுதாகத் திறக்கவில்லை. அந்த ஐந்து வருடமும் பழைய லொறிகளைத்தான் இழுத்து இழுத்து ஓட்டினோம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360 வரை போயிற்று. 100 டொலர் சாமான் 20,000 ரூபாயிலிருந்து 36,000 ஆயிற்று. அந்தக் காலத்தில் எஞ்சின் செய்த கணக்கு இன்றைக்கு உதவாது.

செலவைத் தீர்மானிப்பது சாமான் விலை மட்டுமல்ல, கழற்றுகிற கூலியும் லொறி நிற்கிற நாட்களும்தான். கிளச் பிளேட் மாற்ற கியர்பொக்ஸை இறக்க வேண்டும். கிளச் பெயரிங் மாற்றவும் அதே வேலை, பின் ஒயில் சீல் மாற்றவும் அதே வேலை. "மெல்ல மெல்ல" செய்கிறவர் ஒரே கியர்பொக்ஸை மூன்று தரம் இறக்கக் காசு கொடுக்கிறார்.

பிறேக்கில் தள்ளிப்போட ஒன்றும் இல்லை. தீவில் ஏற்ற இறக்கம் கிடையாது, அதனால் கெட்ட பிறேக்கும் இங்கே நல்ல பிறேக் போலவே நடக்கும். கடுகண்ணாவை இறக்கத்தில்தான் உண்மை தெரியும். காற்றுப் பிறேக் என்றால் காற்றை நிரப்பி, எஞ்சினை நிறுத்தி, பெடலை மிதித்தபடி காற்றளவு காட்டும் முள்ளைப் பாருங்கள். இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. காற்றுத் தாங்கியின் அடிக்குழாயைத் திறக்கும்போது தண்ணீரோடு ஒயிலும் வந்தால் கொம்பிறசர் தேய்ந்திருக்கிறது.

பேசாலையில் அன்று மெக்கானிக் கடைசியாய்ப் பார்த்தது செசி இலக்கத்தை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கறுப்புப் பூச்சைத் துடைத்தார், பிறகு உப்புத்தாள் போட்டார். முதல் இலக்கங்கள் தெளிவாயிருந்தன. கடைசி இரண்டு இருந்த இடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள்தான். வாசிக்க முடியாத இலக்கத்தோடு வாகனத்தைப் பெயர் மாற்றப் போனால் என்னவாகும் என்று அந்தத் தம்பிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காசுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மெக்கானிக்கின் சாக்கைத் தானே உதறி மடித்துக் கொடுத்தார்.