நெஞ்சு வலியும் நெஞ்சின் பயமும்

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் மறைந்தார். அடுத்து வந்த நாட்களில் மைசூர் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. பலரை அங்கே கொண்டுவந்தது வலியல்ல, பயம்.

எனக்கு முந்தைய ஆண்டுதான் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து வீட்டில் இரவெல்லாம் என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவளோ, நான் மூச்சு விடுகிறேனா என்று விழித்திருந்து பார்த்திருக்கிறாள்! ஒரே அறையில் இருவரும் தனித்தனியே பயந்திருக்கிறோம்.

மருத்துவரிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. இதய நோய்க்குப் பின் பயமும் மனச்சோர்வும் பலருக்கும் வருமாம்; கவனிக்காவிட்டால் மாத்திரையும் நடைப்பயிற்சியும் தவறிப்போகும். பயத்திலும் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். அது பயமா, மாரடைப்பா என்று வீட்டிலிருந்தபடி ஆராயக்கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை, மருத்துவர் கொடுத்திருந்தால், உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

இதையெல்லாம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினோம். கன்னடம் அதிகம் பேசாத என் மனைவி 'எதெ நோவு' (நெஞ்சு வலி) என்று சொல்லப் பழகிக்கொண்டாள். நம் குடும்பங்களில் இது மிக அவசியம்.

பைபாஸ் செய்துகொண்ட பக்கத்து வீட்டு மேஷ்ட்ரு மாலையில் காவிரிக் கரைக்கு நடக்க அழைப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மாத்ரெ தகொண்ட்ரா?"