தலைகீழ் லென்ஸும் பட்டர் பேப்பரும்: குறைந்த செலவில் மேக்ரோ படமெடுக்கும் முறை

ஒரு பொருளின் பிம்பம் அதன் உண்மையான அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ கேமராவின் சென்சார் மீது விழும்படி எடுக்கப்படுவதே மேக்ரோ ஒளிப்படம். 10 மி.மீ. நீளமுள்ள கட்டெறும்பின் பிம்பம் சென்சாரிலும் 10 மி.மீ. இருந்தால் அது 1:1 உருப்பெருக்கம். இதற்கென்றே செய்யப்பட்ட நல்ல லென்ஸ்களின் விலை பல பத்தாயிரம் ரூபாய். ஆனால் உருப்பெருக்கம் மிக மலிவாகக் கிடைக்கும் சரக்கு. கிடைத்தற்கரியவை நல்ல ஒளியும் அசையாத கையும்தான். செலவையும் உழைப்பையும் அந்த இரண்டின் மீது வைப்பதே அறிவு.

கைப்பேசி மட்டுமே இருந்தால், நகைக்கடைகளிலும் வாட்ச் பழுதுபார்க்கும் இடங்களிலும் பயன்படும் 10 மடங்கு ‘லூப்’ எனப்படும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றில் தொடங்கலாம். அதைக் கைப்பேசியின் முதன்மைக் கேமரா மீது நடுவாகப் பொருத்தி, இருபக்க டேப்பால் ஒட்ட வேண்டும். இத்தகைய லூப்பின் குவியத் தூரம் சுமார் 25 மி.மீ.; ஆகவே பொருளும் ஏறக்குறைய அந்தத் தொலைவில் இருக்கும்போதுதான் தெளிவு கிடைக்கும். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால், கெட்டுப்போன டிவிடி டிரைவிலோ பழைய லேசர் விளக்கிலோ உள்ள மிகச் சிறிய லென்ஸைக் கழற்றி (லேசர் விளக்கின் பேட்டரியை முதலில் எடுத்துவிட வேண்டும்) ஒரு ஹேர்பின்னின் இடுக்கில் செருகி ஒட்டலாம். அரிசிமணி ஒன்றே திரையை நிறைத்துவிடும். ஓரங்கள் மங்கலாக இருக்கும் என்பதால் பொருளை எப்போதும் நடுவில் வைப்பது நல்லது. குறைந்த விலைக் கைப்பேசிகளில் தனியாகத் தரப்படும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைவிட, முதன்மைக் கேமராவும் லூப்பும் சேர்ந்து தரும் படம் பெரும்பாலும் மேலானது.

லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா உள்ளவர்களுக்குச் சிறந்த வழி லென்ஸைத் திருப்பி மாட்டுவது. சாதாரண லென்ஸ், முன்னால் தொலைவில் உள்ள காட்சியைப் பின்னால் சில சென்டிமீட்டரில் உள்ள சென்சாருக்குக் குறுக்கித் தருவதற்காக வடிவமைக்கப்பட்டது. மேக்ரோவில் நிலைமை நேர்மாறு: பொருள் அருகில், சென்சார் தொலைவில். லென்ஸைத் திருப்பினால் அதன் வடிவமைப்பு மீண்டும் சரியான திசையில் வேலை செய்கிறது. அதனால்தான் மலிவான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் தலைகீழாக வியக்கத்தக்க கூர்மை தருகிறது.

தேவைப்படுவது ‘ரிவர்ஸ் ரிங்’ எனப்படும் உலோக வளையம் மட்டுமே. விலை சில நூறு ரூபாய். அதன் ஒரு பக்கம் கேமராவில் பூட்டும். மறுபக்கம் லென்ஸின் முன்னுள்ள ஃபில்டர் மரையில் திருகும். வாங்குமுன் கேமராவின் மவுண்ட் வகையையும், லென்ஸின் முன்வளையத்தில் 52 அல்லது 58 என்று அச்சிடப்பட்டிருக்கும் மரை அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாட்டியதும் ஒரு ஸ்கேலைப் படமெடுத்தால் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். 23.5 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் ஸ்கேலின் 23.5 மி.மீ. தெரிந்தால் 1:1, 12 மி.மீ. மட்டும் தெரிந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 18-55 லென்ஸைத் திருப்பினால் 55 பக்கம் குறைவான உருப்பெருக்கமும் 18 பக்கம் மிக அதிகமும் கிடைக்கும். 18இல் பொருளுக்கும் லென்ஸுக்கும் இடையே சில செ.மீ. மட்டுமே மிஞ்சும் என்பதால், பழக்கம் வரும்வரை 50ஐ ஒட்டியே வேலை செய்வது எளிது.

திருப்பிய லென்ஸுடன் கேமரா பேச முடியாது. துளையை, அதாவது அப்பெர்ச்சரை, கையால் ஏற்பாடு செய்ய வேண்டும். கேனான் டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸை நேராக மாட்டி எஃப் 8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் துளை அந்த அளவிலேயே நின்றுவிடும். நிக்கானின் ‘ஜி’ வகை லென்ஸ் கழற்றியதும் மிகச் சிறிய துளைக்குச் சுருங்கிவிடும். பின்புறமுள்ள சிறு நெம்புகோலை ஒரு மடித்த அட்டைத் துண்டால் தேவையான அளவு திறந்து நிறுத்த வேண்டும். துளை வளையம் கொண்ட பழைய ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. பழைய ஸ்டுடியோக்களின் அலமாரிகளில் இவை தூங்கிக்கொண்டிருப்பதுண்டு, கேட்டுப் பார்க்கலாம். கேமராவை ‘எம்’ முறையில் வைக்க வேண்டும். மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற அமைப்பையும் மெனுவில் இயக்க வேண்டியிருக்கும். லென்ஸின் பின்கண்ணாடி இப்போது வெளியே இருப்பதால் தூசியும் கீறலும் படாமல் காப்பது முக்கியம்.

திருப்பாமல், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வெற்றுக் குழாய்களைச் செருகியும் பெரிதாக்கலாம். கூடுதல் உருப்பெருக்கம் என்பது குழாயின் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது: 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. குழாய் என்றால் 1:1.

அடுத்தது ஒளி. பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இங்கேதான். 1:1இல் சென்சாரை எட்டும் ஒளி இரண்டு ஸ்டாப் குறைகிறது, அதாவது நான்கில் ஒரு பங்காகிறது. தெளிவாக விழும் பகுதியின் ஆழமோ எஃப் 8இல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே துளையைச் சுருக்கியே ஆக வேண்டும். ஒளி மேலும் குறையும். எஃப் 16ஐத் தாண்டிச் சுருக்கினால் ஒளி விளிம்பு வளைவால் படம் முழுதும் மங்கும். எஃப் 8 முதல் 11 வரை நின்று, குறையும் வெளிச்சத்தை ஃபிளாஷால் நிரப்புவதே நடைமுறை.

வெறும் ஃபிளாஷ் வண்டின் முதுகிலும் எறும்பின் தலையிலும் வெள்ளைப் புள்ளியாக எரிந்து, விவரத்தை அழித்துவிடும். ஒளியின் மென்மை, பொருளிலிருந்து பார்த்தால் ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு ஏ4 தாள் மனித முகத்துக்குச் சிறியது. பத்து சென்டிமீட்டர் அருகே வந்தால் எறும்புக்கு அதுவே பாதி வானம். எனவே ஒளியைப் பரப்பும் திரையான டிஃபியூசரைப் பொருளுக்கு நெருக்கமாக, லென்ஸ் நுனிக்கு மேலே வளைத்து அமைக்க வேண்டும். உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய காலி நொறுக்குத்தீனி டப்பாவை ஃபிளாஷின் முன் பொருத்தி ஒளியை முன்னோக்கி நடத்தலாம். அதன் வாயில் ஓர் அடுக்கு பட்டர் பேப்பர், சற்று முன்னால் வளைந்த இன்னோர் அடுக்கு: இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஒளி சீராகப் பரவும். கேமராவிலேயே உள்ள சிறு ஃபிளாஷுக்கும் இது பொருந்தும். ஐஎஸ்ஓ 200, ஷட்டர் நொடியில் 200இல் ஒரு பங்கு, ஃபிளாஷ் கைமுறையில் கால் திறன் என்று தொடங்கி, படத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். கால் திறனில் ஃபிளாஷ் மின்னுவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே. கை நடுக்கம் அதில் பதிவதில்லை. பின்னணி கருப்பாகிவிட்டால் பொருளுக்குச் சற்றுப் பின்னே ஓர் இலை இருக்கும்படி கோணத்தை மாற்றினால் போதும்.

மேக்ரோவில் ஃபோகஸ் வளையத்தைத் திருகுவதில் பயனில்லை. கேமராவையே முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தி, பூச்சியின் கண் கூர்மையாகும் கணத்தில் ஷட்டரை அழுத்த வேண்டும். இடக்கையால் செடியின் தண்டைப் பிடித்து, அந்தக் கையின் மீதே லென்ஸைத் தாங்கினால் காற்றில் இரண்டும் சேர்ந்தே அசையும். இதைவிடச் சிறந்த முக்காலி வயலில் இல்லை. தரையில் உள்ளவற்றுக்கு அரிசி நிரப்பிய சிறு துணிப்பை போதும். ஒரே காட்சியைப் பத்து முறை எடுத்தால் ஒன்றிரண்டு தேறுவது இயல்பு.

உப்புக்கல், இறகு, பூவின் மகரந்தம் போன்ற அசையாதவற்றில் பழகியபின் பூச்சிகளுக்குப் போகலாம். அசையாத பொருள்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கேமராவைத் தாங்கலில் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி இருபது முப்பது படங்கள் எடுத்து, ஹூகின், என்ஃபியூஸ், பிக்கோலே போன்ற இலவச மென்பொருள்களால் இணைத்தால் முழுப் பொருளும் தெளிவாக வரும். பூச்சிகளைத் தேட ஏற்ற நேரம் விடியற்காலை. உடல் சூடேறாத தட்டான்களும் வண்ணத்துப்பூச்சிகளும் பனித்துளியோடு அசையாமல் அமர்ந்திருக்கும். அவற்றை அசையாமல் வைக்க ஃப்ரிட்ஜில் குளிரவைப்பதும் பசையால் ஒட்டுவதும் சிலரிடம் உள்ள கொடிய பழக்கங்கள். படமெடுப்பவர்கள் அவற்றை அறவே கைவிட வேண்டும்.