செயலி செய்யப் பழக எந்தக் கைத்தொலைபேசி?

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் எம்மில் பலருக்குச் சொந்தமாக ஒரு செயலி செய்துபார்க்க ஆசை. உடனே வாப்பாவிடம் புதிய கைத்தொலைபேசி கேட்கிறோம். அது அவசியந்தானா?

ஐபோன் செயலிகளுக்கான எக்ஸ்கோட் மென்பொருள் மேக் கணினியில் மட்டுமே இயங்கும். அன்ட்ரொயிட் ஸ்ரூடியோ விண்டோஸிலும் இயங்கும், இலவசம். ஆகவே தொடக்கத்திற்கு அன்ட்ரொயிட்டே நல்லது.

செயலியைக் கணினித் திரையிலேயே ஒரு போலித் தொலைபேசியில் சோதிக்கலாம். ஆனால் அதற்கு 16 ஜிபி நினைவகம் வேண்டும் என்கிறது கூகுள். உண்மையான தொலைபேசியை வயரால் இணைத்தால் 8 ஜிபி போதும். அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்பதை 7 முறை தொட்டு, பின்னர் 'யூ.எஸ்.பி. டிபக்கிங்' என்பதை இயக்குங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர் இதற்கு உதவாது.

கணினியும் வலுக் குறைந்ததா? எம்.ஐ.ரி. அப் இன்வென்ரர் இணைய உலாவியிலேயே இயங்கும். கட்டங்களைப் பொருத்தியே செயலி செய்யலாம்.

உம்மா பாவித்து ஒதுக்கிய தொலைபேசியைத் தள்ளிவிடாதீர்கள். தொழுகை நேரம் காட்டும் செயலியொன்றை நாம் செய்தால், அதன் வேகக் குறை அதில்தான் முதலில் தெரியும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால், *#06# அழுத்தி ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தைப் பாருங்கள். ஐ.எம்.ஈ.ஐ. என ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, அவ்விலக்கத்தை 1909 இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா எனத் தெரியும்.

பெற்றோரே, வீண்விரயம் மார்க்கம் விரும்பாதது. மகளுக்கு முதலில் தேவை புதிய தொலைபேசியல்ல. வீட்டிலுள்ள பழையதும், பழக நாளுக்கு ஒரு மணித்தியாலமுமே.